சிவப்பு நூல் வரைக்கும்

அந்த யோசனை எனக்கு ஆப்பிள் அறையில் வந்தது. மே மாதம். வெளியே ஆரியசாலைத் தெருவில் தாரில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் வெயில். அப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்குப் பின்னால் ஒரு குளிர் அறை உண்டு. பேரீச்சையும் ஆப்பிளும் அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறை அது. வீட்டில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று அம்மா என்னைக் கடைக்குத் துரத்தியிருந்தாள். கடையிலும் அப்படித்தான் என்று அப்பா என்னைக் குளிர் அறைக்குத் துரத்தியிருந்தார்.

கூரையை ஒட்டி ஓடிய குழாய்களின் மேல் வெள்ளையாக ஏதோ வளர்ந்திருந்தது. பூஞ்சை என்று நினைத்தேன். பெட்டிமேல் ஏறிக் கிட்டப் போய்ப் பார்த்தால் இறகு இறகாக, ஒவ்வோர் இறகிலும் இன்னும் சிறிய இறகுகளாக, யாரோ உட்கார்ந்து பொறுமையாக வெட்டி வைத்ததுபோல் இருந்தது. விரலை வைத்தேன். அது இல்லாமல் போனது. விரல் மட்டும் நனைந்திருந்தது.

“கதவச் சாத்திக்கிட்டு நில்லு பிள்ளே, குளிரெல்லாம் ரோட்டுக்குப் போவுது” என்றார் பெட்டி அடுக்குகிறவர். திருவனந்தபுரத்தில் மே மாதத்தில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டு நிற்கிற ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். நான் அவருடைய ஸ்வெட்டரைப் பார்த்தேன். குழாயைப் பார்த்தேன். மறுபடியும் ஸ்வெட்டரைப் பார்த்தேன். இந்த இறகுகளை அப்படியே ஒரு சால்வையில் கொண்டுவந்து சித்தியின் தோளில் போட்டு அனுப்பினால் என்ன?

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. முந்தைய வருஷம் நாகர்கோவிலில் கல்யாணம் முடிந்தது. சித்தப்பா கனடாவில் வேலை பார்த்தார். கல்யாண லீவு முடிந்து அவர் திரும்பிப் போக, விசாக் காகிதங்கள் வரும்வரை சித்தி எங்களோடு இருந்தாள். தம்பானூர் பக்கம் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், சித்தப்பா சொல்லி அதை விட்டிருந்தாள். ஊசி பிடித்த கை என்பதாலோ என்னவோ, பின்னல் ஊசியும் அவளுக்குப் படிந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் கற்றதை விடாமல் வைத்திருந்தாள். குளிரே இல்லாத ஊரில் உட்கார்ந்து பொம்மைக்குத் தொப்பியும் குழந்தைக்குக் காலுறையும் பின்னி யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

நான் மூச்சிரைக்க ஓடிவந்து விஷயத்தைச் சொன்னபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பனியக் கண்ணால பாத்திருக்கியாட்டி?”

“இப்பம்தான் பாத்தேன். அப்பாக்க குழாயில.”

அம்மா சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. “வரைஞ்சு கொண்டு வா மக்களே, பின்னிப் பாக்கலாம்” என்றாள். அப்போது அவள் குரலில் இருந்தது உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எல்லார் குரலிலும் அந்த நாட்களில் உற்சாகம்தான் கேட்கும்.

சாலைக் கடைத்தெருவில் கம்பளி நூல் வைத்திருந்த கடையைத் தேடிப் பிடித்தோம். வெள்ளையில் மெல்லிய நூலாக இத்தனை உருண்டைகள் வேண்டும் என்று கேட்டதும் கடைக்காரர் சித்தியைப் பார்த்து, “கொச்சினு வேண்டியாணோ?” என்று கனிவாக விசாரித்தார். குழந்தைக்கா என்று கேட்கிறார். இந்த ஊரில் கம்பளி வாங்குகிறவர்களுக்கு வேறு காரணம் இருக்க முடியாது. சித்தி இல்லை என்று தலையாட்டிவிட்டு உருண்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் முந்திக்கொண்டு, கனடாவுக்கு என்று சொன்னேன். அவர் பெரிய மரியாதையோடு இன்னோர் உருண்டையை எடுத்துக் காட்டினார்.

வரைவது நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது. பனித்துகளுக்கு ஆறு கைகள் என்று அறிவியல் பாடத்தில் படித்திருந்தேன். கணக்கு நோட்டின் கட்டத்தாளில் நான்கு கை தானாக வருகிறது, எட்டுக் கையும் வருகிறது, ஆறு மட்டும் வர மாட்டேன் என்றது. மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கவாட்டில் சாய்ந்து நான்கு என்று ஒருவழியாகச் சமாளித்தேன். இந்தப் பின்னலில் படம் என்பதே துளைகள்தான். எங்கே துளை வேண்டுமோ அங்கே நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், ஊசியில் வளையமாக நிற்கும் கண்ணிகளில் பக்கத்து இரண்டைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். ஆக, கட்டத்தில் நான் போட்ட ஒவ்வொரு சின்ன வட்டமும் ஒரு துளை. இல்லாத இடங்களை வரிசையாக வைத்தால் பனி வந்துவிடும் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

சித்தி மாதிரிக்கு ஒரு துகளைப் பின்னிக் காட்டினாள். குட்டையாக, அகலமாக, வயிறு தள்ளிக்கொண்டு இருந்தது.

“இட்லியாக்கும்” என்றாள் அம்மா. “ஆறு கை உள்ள இட்லி.”

தாளில் கட்டம் சதுரம், ஆனால் கண்ணி சதுரம் இல்லை. அகலம் கூடுதல், உயரம் குறைவு. அதனால் தாளில் ஒழுங்காக இருப்பது ஊசியில் அமுங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. பிறகு எல்லாத் துகளையும் உயரவாக்கில் இழுத்து, தாளில் கோணலாகத் தெரியும்படி வரைந்தேன். ஊசியில் அவை நேராக வந்தன. சித்தி அந்த மாதிரியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “கொள்ளாம்” என்று மெச்சினாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்னும் பத்து வரைந்திருப்பேன்.

கடைசியில் சால்வை இப்படி முடிவானது. ஒரு முனையில் தரையில் குவிந்த பனி, நெருக்கமான சின்னத் துளைகளாக. அதற்கு மேல் விழுந்துகொண்டிருக்கும் துகள்கள், போகப் போக இடைவெளி விட்டு. மறுமுனையில் வெறும் வானம், துளையே இல்லாமல். தரையிலிருந்து தொடங்கி வானத்தில் முடிக்க வேண்டும்.

இதற்குள் காகிதங்கள் வந்துவிட்டன. சித்தப்பா தினமும் சாயங்காலம் சித்தியின் போனில் முகம் காட்டுவார். அங்கே அது காலை. நல்ல மாதிரியாகத்தான் பேசுவார், குரலை உயர்த்த மாட்டார். என்னென்ன கொண்டுவர வேண்டும், எதெல்லாம் வேண்டாம், யாரிடமெல்லாம் இனி பேச வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போவார். நடுவில், “போனைத் திருப்பு. பின்னால யாரு?” என்பார். சித்தி போனை அறை முழுக்கச் சுற்றிக் காட்டுவாள். என்னைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் இரண்டு கையையும் ஆட்டுவேன்.

டிக்கெட் எப்போது போடலாம் என்று அவர் அப்பாவிடம் கேட்டபோது, பதில் சொன்னவள் சித்தி. “சால்வை முடியட்டும்.”

எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. அப்பாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து யார் தூரப்பயணம் கிளம்பினாலும், அதற்கு முன்பு கடையில் வாய் திறந்திருக்கும் சாக்குகளையெல்லாம் தைத்து மூடிவிட வேண்டும். திறந்த வாயை விட்டுவிட்டுப் போனால் போகிற காரியம் சிந்திப்போகும் என்பது கணக்கு. அம்மா அந்த வழக்கத்தைப் பின்னலுக்கும் நீட்டினாள். ஊசியில் தொங்குகிற வேலையும் திறந்த சாக்குதானே. பாதியில் விட்டுப் போகக் கூடாது, தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. அப்பாவும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். சித்தப்பாவிடம் இதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. போனில் அவர் வியாபாரக் குரலில் பேசியதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். ஒரு விமானமே என் படத்துக்காகக் காத்திருக்கிறதே.

ஆனால் சால்வை முடியவில்லை.

தரைப் பனி முடிந்து துகள்கள் தொடங்கும் இடத்தில் முதல் தடவை தவறியது. ஒரு துளை இடம் மாறிவிட்டது என்றாள் சித்தி. சாதாரணப் பின்னல் என்றால் நாலு வரிசை பிரித்துத் திருத்திக்கொள்ளலாம். இது அப்படியல்ல. ஊசியை உருவிவிட்டால் துளைக்காகச் சுற்றிய நூலெல்லாம் பிடியில்லாமல் ஓடிவிடும். எது கண்ணி, எது துளை என்று தெரியாது. அதனால் ஒரு தவறு என்றால் தரை வரைக்கும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அவள் ஊசியை உருவி நூலை இழுத்தாள். எதிரே உட்கார்ந்து நான் உருண்டை சுற்றினேன். சர்ரென்று வரிசை வரிசையாகப் பனி கரைந்து என் கைக்கு வந்தது. எனக்கு அழுகை முட்டியது. சித்தியின் முகமோ அப்போதுதான் இளகியிருந்தது. எனக்காகத் தைரியமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

“எனக்க படத்துல தப்பா சித்தி?”

“ஒனக்க படத்துல ஒண்ணும் தப்பில்ல மக்களே.”

நான் நம்பவில்லை. இரவோடு இரவாக யோசித்து, எண்ணச் சுலபமாக இருக்கும்படி துகள்களை மாற்றி வரைந்தேன். இரண்டாம் தடவை அவள் வேகமாக மேலே வந்தாள். துகள்கள் நன்றாக விழத் தொடங்கியிருந்தன. ஒரு நாள் போன் பேசி முடித்து வந்து உட்கார்ந்தவள், சால்வையை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தாள். எங்கேயோ ஒரு கண்ணி குறைகிறது என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. சின்னப் பிள்ளை எண்ணிக்கை, தப்பாக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். அவள் ஊசியை உருவினாள்.

கடைக்கு வந்த ஒருவரிடம் அப்பா, “மச்சினி இன்னும் போகல, ஒரு வேல பாக்கி” என்று சொன்னது காதில் விழுந்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. பாக்கி என்னால்தான். என் படத்தால்தான் ஒரு பெண் தன் புருஷனிடம் போய்ச்சேர முடியாமல் இருக்கிறாள். பள்ளிக்கூடம் திறக்குமுன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தே தீருவது என்று அம்மாவின் போனில் பின்னல் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன்.

வழி இருந்தது. எந்தத் தேசத்துப் பெண்ணோ பேசியது பாதி புரியவில்லை, கை செய்தது முழுக்கப் புரிந்தது. சில வரிசைகள் சரியாக முடிந்ததும், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்து விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு மேலே எத்தனை தவறு வந்தாலும் பயமில்லை. பிரித்துக்கொண்டு வந்தால் அந்த நூலில் வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பது கலையாது. அங்கிருந்து கண்ணிகளை ஊசியில் ஏற்றித் தொடர வேண்டியதுதான்.

கடையில் சாக்கு வாய் தைக்கிற மிஷினுக்குச் சிவப்பு நூல் போடுவார்கள். அதில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தேன். சித்தி மூன்றாம் தடவையாகத் தரைப் பனியை முடித்திருந்தாள். தையல் ஊசியில் சிவப்பு நூலை ஏற்றி, அவள் ஊசியில் இருந்த கண்ணிகளுக்குள் ஒவ்வொன்றாக நானே கோத்தேன். கோத்து முடித்து நிமிர்ந்து, “இனி எங்க தப்பினாலும் இது வரைக்கும் பிரிச்சா மதி, போதும்” என்றேன்.

சித்தி சிவப்பு நூலை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினாள்.

“இனி முதல்ல இருந்து தொடங்காண்டாம், இல்லியா?”

“வேண்டாம்.”

“கெட்டிக்காரி” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். வர நேரமானது.

அதற்குப் பிறகு தவறே வரவில்லை. அவள் கணக்காகப் பின்னினாள், நான் மேலே மேலே சிவப்பு நூல் கோத்துக்கொண்டே வந்தேன். துகள்கள் விழுந்து தீர்ந்தன, வானம் வந்தது, கடைசி வரிசையும் மூடியது. முடிந்த சால்வை பார்க்கக் கசங்கிய பழந்துணி மாதிரிதான் இருந்தது. இந்தப் பின்னல் எல்லாமே அப்படித்தான், நனைத்து இழுத்துக் கட்டினால்தான் துளைகள் திறக்கும். நனைப்பதற்கு முன் சிவப்பு நூல்களை உருவினோம். மேலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. முதலில் போட்டதை, தரைப் பனிக்கு மேல் இருந்ததை, நான் உருவப் போனபோது சித்தி கையைப் பிடித்தாள்.

“அது இருக்கட்டும்.”

“பனிக்கு நடுவுல சிவப்பா? அசிங்கமாட்டு இருக்கும் சித்தி.”

“இருந்துட்டுப் போட்டும்.”

நான் பயந்ததுதான் நடந்தது. நனைத்ததும் நூலின் சாயம் இறங்கி, பனிக்குக் குறுக்கே வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு ஓடியது. கட்டிலில் விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி இழுத்து வைத்தோம். மழைக்காலம் தொடங்கிவிட்டதால் மின்விசிறிக்கு அடியிலும் காய நாளானது. காய்ந்து, ஊசிகளை எடுத்து, அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கியபோது, ஆப்பிள் அறைக் குழாயில் நான் கண்டது அங்கே இருந்தது. அந்தக் கோடு மட்டும் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமை.

அன்று சாயங்காலம் டிக்கெட் போட்டார்கள். கடையில் சாக்குகளின் வாயெல்லாம் தைத்தார்கள். விமான நிலையத்தில் எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் சித்தி பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். தரைப்பனி முனை முன்னால் தொங்கியது. அவள் அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். குளிர்கிறது போலிருக்கிறது, என் சால்வை வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது குளிர்காலம் முடியுமுன் அவள் திரும்பி வந்தாள். விசாவில் ஏதோ சிக்கல் என்று எனக்குச் சொன்னார்கள். அதற்கு முன்பு ஒருநாள் அம்மா போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனதும், இறங்கி வந்து அப்பாவிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதும், சாக்குகள் திறந்து கிடக்கும்போதே அப்பா ஊரெல்லாம் அலைந்ததும் நினைவிருக்கிறது. சித்தி பழைய பரிசோதனைக் கூடத்திலேயே மறுபடியும் வேலைக்குச் சேர்ந்தாள். சால்வையைப் பற்றி நான் கேட்டேன். இருக்கு என்றாள். நானும் பிளஸ் ஒன், பிளஸ் டூ, கல்லூரி என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் அவள் ஸ்ரீவராகத்தில் வாடகைக்குப் பார்த்த மாடி வீட்டுக்குச் சாமான் மாற்ற உதவப் போனேன். பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். உள்ளே தரைப் பனி மட்டும் இருந்தது, ஒரு முழத்துக்கு. அதன் விளிம்பில், சாயம் போன சிவப்பு நூலில், கண்ணிகள் வரிசையாகக் கோத்தபடி நின்றன. பக்கத்தில் பெரிய நூல் உருண்டை.

“மேல உள்ளதெல்லாம்?”

“பிரிச்சேன்.”

பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். கனடாவில் சித்தப்பா வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவார். குளிருக்கு நல்லது என்பார். ஜன்னலில் பனி பார்க்கலாம், நான் வரைந்தது மாதிரியே இருக்கும். பகல் போக வேண்டுமே என்று அவள் சால்வையின் முடிச்சை அவிழ்த்து, தினம் கொஞ்சம் பிரித்தாள். வானம் போயிற்று. துகள்கள் ஒவ்வொன்றாகப் போயின. வெளியே பனி விழ விழ, மடியில் பனி குறைந்துகொண்டு வந்தது. எல்லாம் தீர்ந்தபின் என்ன என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

“ஒரு நாளு இழுக்கேன், வரல. மறந்தே போயிருந்தேன். பாத்தா நூலு அங்க நிக்கி. நீ போட்டதாக்கும்.” ஒரு டம்ளரைத் துடைத்து வைத்தாள். “பிரிச்ச நூலெல்லாம் உருண்டையாட்டு சுத்தி வச்சேன். பின்னே போன எடுத்து அக்காவக் கூப்பிட்டேன்.”

பிரிக்கும்போது அவள் முகம் ஏன் இளகியது, எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏன் குறைந்தது, நான் கண்டுபிடித்த வழி அன்று எதை அடைத்தது என்பதெல்லாம் அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எப்போது முடியும் என்று அந்த வீட்டில் எல்லாரும் கேட்டோம். அதிகம் கேட்டவள் நான். போக வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாத வயது எனக்கு. மற்றவர்களுக்கு என்ன என்று தெரியவில்லை.

நேற்று அந்த உருண்டையைப் பிரித்து நனைத்து, சுருள் போவதற்காகக் கனம் கட்டிச் சித்தியின் மாடியில் கொடியில் தொங்கவிட்டேன். காய்ந்து நேராகிவிட்டது. நாளை ஞாயிறு, அவளுக்கு லீவு. சிவப்பு நூலில் நிற்கும் கண்ணிகளை ஊசியில் ஏற்றப் போகிறேன். அந்தத் தரைக்கு மேலே என்ன வரலாம் என்று எனக்கு இதற்குள் நாலு யோசனை வந்துவிட்டது. சங்குமுகத்துக் கடலலை ஒன்று, மழை ஒன்று. எதையும் சொல்லப் போவதில்லை. கட்டத்தாளையும் பென்சிலையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டிருக்க முயற்சி செய்யப் போகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொன்னால் அதுவும் சரிதான். கண்ணிகள் அந்த நூலில் இன்னும் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் நிற்கும்.